சேட்டு வயலில் எண்ணெய்ப் படலம்

சேட்டுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. மல்லாட்டைக் கடலையை எடை போடும்போது தராசுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டு வியாபாரியின் கையையும் காலையும் மாறி மாறிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் ஒரு செருப்பை வாசலிலும் மற்றதைப் பந்தலுக்குப் பின்னாலும் கழற்றிவிடுவார். "ஒத்தச் செருப்ப எவன் திருடுவான்?" என்று அதற்கு நியாயம் வேறு. அனந்தபுரத்துப் பக்கம் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். அவரோடு கிணற்றில் பங்கு வைத்திருந்த தென்னரசுக்கு மட்டும் சிரிப்பு வராது.

கிணற்றுத் தண்ணீர் ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. தென்னரசு நெல்வயலை லேசாக வெடிப்பு விடும்வரை காயவிட்டுத்தான் மறுபடி பாய்ச்சுவார். சேட்டு அப்படி விடமாட்டார். ஒரு முறையை விட்டுக்கொடுத்தால் தென்னரசு அதையே வழக்கமாக்கிவிடுவார் என்று பயம். தேவையோ இல்லையோ, தன் முறை வந்தால் மோட்டாரைப் போட்டுவிடுவார். கோடையில் ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிய களிமண் வயல் அது. நட்டதிலிருந்து அதில் தண்ணீர் வற்றவே இல்லை.

ஒரு காலையில் வரப்போரம் தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஏதோ மினுங்கியது. எண்ணெய்! அடியில் சேறு செங்காவியாகக் கிடந்தது. பயிரின் இலைநுனியெல்லாம் துருப்புள்ளி. வருசத்துச் சாப்பாட்டு நெல் அந்த ஒரு வயலில்தான் விளைய வேண்டும். நிமிர்ந்து, கீழே இருந்த தென்னரசின் வயலைப் பார்த்தார். தென்னரசிடம் டிராக்டர் இருக்கிறது, டிராக்டர் இருந்தால் பழைய ஆயிலும் இருக்கும். வேறென்ன சாட்சி வேண்டும்?

"பாவி, ஆயில ஊத்திட்டுப் போயிருக்கான்!" என்று வீட்டுக்கு வந்து கத்தினார்.

"நம்ம தண்ணி வடிஞ்சி அவரு நெலத்துக்குத்தான போவுது? அவருக்கு இன்னா பைத்தியமா?" என்றாள் மனைவி ஜெயம்.

"நீ இன்னா அவனுக்கு வக்காலத்தா?" என்று எரிந்து விழுந்தார். டீக்கடையில் உட்கார்ந்து தென்னரசின் பெயரை நாறடித்தார். பிறகு போலீசில் எழுதிக் கொடுப்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று வேளாண்மை அலுவலர் காயத்ரியை வயலுக்கு அழைத்து வந்தார்.

காயத்ரி ஒரு குச்சியால் படலத்தைத் தட்டினார். அது அப்பளம் மாதிரி நொறுங்கி, துண்டு துண்டாகவே நின்றது.

"எண்ணெயா இருந்தா திரும்ப ஒண்ணு சேர்ந்துடும், ஐயா. இது இரும்பு. களிமண்ணுல எப்பவும் இருக்கறதுதான். தண்ணி வத்தாம நின்னா மண்ணுக்குக் காத்து போவாது, இரும்பு கரைஞ்சிடும். கொஞ்சத்தக் களிமண்ணே திரும்பப் புடிச்சி வச்சிக்கும். மிச்சம் வேர்ல ஏறி இலையில புள்ளியா விழும். மேல வந்தது காத்து பட்டுத் துருவா ஆடை கட்டும். உடனே தண்ணிய வடிச்சி, வயலக் காய உடுங்க."

இந்த அம்மாவுக்கும் தென்னரசு சொல்லிக் கொடுத்துவிட்டானோ என்று சேட்டுக்குச் சந்தேகம் தட்டியது. காயத்ரி போனதும் வீட்டில் அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, மண்வெட்டிக்குப் பூசும் ஆயிலைச் சொட்டுவிட்டுக் குச்சியால் கிழித்தார். கிழித்த இடம் உடனே மூடிக்கொண்டது. மறுபடி வயலுக்கு ஓடிப் படலத்தைக் கிழித்தார். கிழித்தது கிழித்தபடியே கிடந்தது. சந்தேகப்பட இனி யாருமில்லை. தண்ணீரை வற்றவிடாமல் நிறுத்தியது அவர்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் வெட்கப்பட நேரமில்லை. புள்ளி விழுந்த இலைகள் காய ஆரம்பித்திருந்தன. தண்ணீரை வடிக்க வேண்டும், அதற்குத் தென்னரசு வயலைத் தவிர வேறு வழி கிடையாது. கீழ்வரப்பில் நின்றிருந்த அவரிடம் போனார்.

"தென்னரசு, மடையத் தொறந்து உடறேம்பா. தண்ணிய வடிக்கணும், இல்லன்னா பயிரு போய்டும்."

தென்னரசு அசையவில்லை. "எந்தத் தண்ணி? ஆயில் ஊத்துன தண்ணின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே, அதுவாண்ணா?"

"அது ஆயில் இல்லப்பா. மண்ணுலேர்ந்து வர்ற இரும்பு. மேடம் சொன்னாங்க."

"நேத்து வரைக்கும் ஆயிலு. என் வயல்ல உடணும்னதும் இரும்பா?"

சேட்டு அவசரமாகக் குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். "ந்தா பாரு, இப்பிடித் தட்டுனா ஒடையுது பாரு. எண்ணெய்னா சேர்ந்துக்கும். நல்லாப் பாருப்பா!"

படலம் நொறுங்கிச் சிதறியது. தென்னரசு தண்ணீரின் பக்கம் திரும்பவே இல்லை. சேட்டின் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மடையை மறித்து நின்றார்.