இடியக்காவின் ‘அன்புடன்’

தேநீர் இடைவேளையில் அலுவலகக் கழிவறையில் இடியக்கா உப்புத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்குத் தீராத தொண்டைவலி என்று நாலாம் மாடி முழுக்க நம்புகிறது. ஆளாளுக்கு மாத்திரை வேறு தருகிறார்கள். அக்காவும் “ரொம்ப தேங்க்ஸ்ம்மா” என்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்.

வீட்டு வசதி அலுவலகத்தில் கடிதப் பிரிவுக் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்தாறு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் காதைக் கொண்டுவந்து வைத்தால்தான் அக்கா பேசுவது கேட்கும். இந்த வாய்தான் ஒரு காலத்தில் போஸ்ட்-பங்க் என்ற ஆவேச ராக் இசைக் குழுவில் ‘இடி’ என்று பேர் வாங்கும்படி கத்திய வாய். கிட்டார் கீறும், டிரம்ஸ் அதிரும், நடுவில் அக்கா அரசாங்கத்தை வெளுத்து வாங்குவார். கொள்கை வேறுபாட்டால் குழு உடைந்தது என்று பத்திரிகைகள் எழுதின. டிரம்ஸை மாடிப்படியில் யார் தூக்குவது என்ற சண்டைதான் அது. அதற்கே இருபத்தெட்டு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? இப்போது லிஃப்ட் உள்ள இடமாகப் பார்த்துக் கூடி, ஏழைகளின் வீட்டை இடிப்பவர்களைத் திட்டி ஓர் ஆல்பம் பதிவு செய்கிறார்கள். அக்காவுக்கு ஏதோ ஆபீஸ் வேலை என்பது மட்டும் மற்றவர்களுக்குத் தெரியும்.

கடைசிப் பாட்டுக்கு வரி அமையவில்லை. பள்ளி வேன் ஓட்டும் கிட்டார்காரர் தன் வீட்டுக்கு வந்த கடிதத்தையே கொண்டுவந்தார்.

“இதைக் கேளுக்கா. ‘தங்கள் குடியிருப்பை முப்பது நாட்களுக்குள் காலி செய்து ஒத்துழைக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.’ அன்புடனாம்! எந்தப் படுபாவி எழுதினானோ, பிள்ளையையும் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டறான். இதையே கத்து. வேற பாட்டே வேணாம்.”

அந்தக் கடிதத்தின் வரைவு அக்காவுடையது. மேலதிகாரி போட்டிருந்த ‘கண்டிப்பாக’வை மூன்று நாள் வாதாடி நீக்கி, ‘அன்புடன்’ சேர்த்தவர் அவர்தான். அதைத் தன் வாழ்நாள் புரட்சி என்றே நினைத்திருந்தார். சொன்னால், இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த நட்பு போய்விடும். சொல்லாமல் பாடவோ நா எழவில்லை.

மூன்று முறை பதிவு செய்தார்கள். மூன்று முறையும் ‘அன்புடன்’ வந்ததும் குரல் சுருங்கிப்போனது.

“என்னக்கா, மனு குடுக்க வந்தவ மாதிரி பாடறே?” என்றார் டிரம்ஸ்காரர்.

நான்காம் முறை அக்கா கண்ணை மூடி, தன்னையே திட்டிக்கொள்வதாக நினைத்துக் கத்தினார். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். கிட்டார்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதாங்க்கா பாட்டு!”

கையோடு ஆல்பம் உறைக்கான விவரத்தாளை நிரப்ப உட்கார்ந்தார்கள். பாடலாசிரியர் என்ற இடத்தில் கிட்டார்காரர் ‘யாரோ ஒரு படுபாவி’ என்று எழுத, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பேனாவை வாங்கினார். அந்த மூன்று சொல்லையும் நேராக ஒரே கோட்டில் அடித்து, தன் முழுப் பெயரை எழுதி, அதன் கீழே ‘கண்காணிப்பாளர், கடிதப் பிரிவு, வீட்டு வசதி அலுவலகம்’ என்றும் சேர்த்து, திருத்தத்துக்குச் சுருக்கொப்பமிட்டு, தேதி போட்டு, தாளைக் கிட்டார்காரர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.