குரல் போன லீவு

மயிலாப்பூரில் கோயில் சுற்றுலா பஸ் விடும் ஓர் அலுவலகத்தில் நான் மேனேஜர். மாட வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடி. எங்கள் பிழைப்பே தொலைபேசியில்தான் ஓடுகிறது. அதை எடுத்துப் பேசுகிறவள் சாந்தோமைச் சேர்ந்தவள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவாள். ஆனால் எந்த ராசிக்காரர் எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னால், கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் டிக்கெட் போட்டுவிடுவார்கள். குரல் அப்படி.

அந்தக் குரல் போன வருடம் கட்டிக்கொண்டது. குரல் நாண் வீங்கியிருக்கிறது, இரண்டு வாரம் பேசவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் லீவு கொடுத்தேன். போன் என் தலையில் விழுந்தது. "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்காதவர்களே இல்லை.

நடுவில் ஒரு திங்கட்கிழமை எங்கள் பஸ் டிரைவர் செல்போனை நீட்டினார். "மேடம், இத்தப் பாருங்க. நம்ம தோஸ்து பொண்ணுக்கு நேத்து மாதா கோயில்ல புதுநன்மை, மொத மொதல்ல நன்மை வாங்குற விசேஷம். கோயில்ல யாரு பாடிக்கினு கீறாங்க பாருங்க."

அவளேதான். பாட்டுக் குழுவின் சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, புருவத்தை உயர்த்தி, வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் முதலாளியும் எட்டிப் பார்த்துவிட்டார்.

"தொண்டை சரியில்லேன்னு லீவு எடுத்துண்டு அங்க போய்ப் பாடிண்டிருக்கா! இன்னிக்கே மெமோ அடிச்சுடுங்கோ."

"முதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன் சார்."

"அவதான் பேசப்படாதே, எப்படிக் கேப்பேள்?" என்றவருக்கு, சொன்ன பிறகு தனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீடியோவை என் செல்போனுக்கு வாங்கிக்கொண்டு, வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவளுடைய மாமியார் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. அவ பேச மாட்டா. ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கினுகீறேன்."

அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "தப்பா எடுத்துக்காத. ஆபீசுக்கு ஒரு வீடியோ வந்துது. நீ பாடற மாதிரி தெரியுது. உன்கிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்."

செல்போனை நீட்டினேன். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்துபோனேன், சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐய, அது பாடறது இல்லமா, வாயசைக்கிறது!" என்றார் மாமியார். "பொடிசுங்க எல்லாம் இவ வாயப் பாத்துத்தான் பாடும். இவ நிக்கலன்னா ஒண்ணு மேல போவும், ஒண்ணு கீழ போவும். இப்பகூட பிராக்டிஸ்தான். நீயே வந்து பாரேன்."

போனேன். கோயிலை ஒட்டிய சிறிய ஹாலில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் அவள். உதடுகள் ஒவ்வொரு சொல்லையும் வரைந்து காட்ட, பிள்ளைகள் பாடினார்கள். அவளிடமிருந்து மூச்சுக்கூடக் கேட்கவில்லை. பாட்டு உச்சத்துக்கு ஏறிய இடத்தில் மட்டும் தன்னை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல ஒரு சத்தம் வெளியே வந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"வாய மூடுடி! டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று பின்னாலிருந்து மாமியார் கத்தினார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். அவளோ என்னைப் பார்த்துக் காதைப் பிடித்துக்கொண்டாள். வாயசைக்கலாமா என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னபோது அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு யோசனை ஒன்று வந்தது அவருக்கு. "அப்போ ஆத்துலேர்ந்தே வாட்ஸ்அப்ல பதில் போடச் சொல்லலாமே?"

"லீவுன்னா லீவு சார்."

"சரி சரி, நீங்களே போனை எடுங்கோ."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "நான்தான் தப்பா நென்ச்சிட்டேன் மேடம்."

லீவு முடிந்து அவள் வந்த அன்று குரல் இன்னும் கொஞ்சம் கரகரத்தது. முதல் அழைப்பு மந்தைவெளியிலிருந்து, எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர். "புதுசா சேர்ந்திருக்கியாம்மா? பழைய பொண்ணு எங்கே?" என்றாராம். "அவதான் சார் நான்" என்று இவள் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. போன தடவை திருநள்ளாறு போனபோது பஸ்ஸில் அவர் மறந்துவிட்டுப்போன பல்செட்டைப் பற்றி இவள் மெதுவாக எடுத்துச் சொன்ன பிறகுதான், அவசர அவசரமாக இரண்டு ஜன்னல் சீட்டுக்குச் சொல்லிவிட்டு வைத்தார்.