எக்கோ எடுத்த பெண்

பெரம்பலூரில் என் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்த பெண்ணின் நெற்றியில் சிறுவாச்சூர் கோயில் குங்குமம் இருந்தது. நான் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"டாக்டர்தாங்க சொல்லணும். நாங்க சொல்லக் கூடாது."

பயத்தை மறைக்கக் கதை சொன்னேன். "எக்கோங்கறது கிரேக்கப் புராணத்துல ஒரு தேவதை பேருங்க. ஒரு சாபத்தால அவளுக்குச் சொந்தப் பேச்சு போயிடுச்சு. அடுத்தவங்க சொல்ற கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லுவா."

"பாவங்க," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முடிந்ததும் நெஞ்சிலிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கதவருகில் நின்று, அவரைப் பார்த்துச் சொன்னேன்: "என் நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல."

அவர் வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல."

டாக்டர் சாயங்காலம்தான் வந்தார். எனக்கு மத்தியானமே சோறு இறங்கிவிட்டது.