மணியடித்து அளந்த வேகம்

புருஷன் ஆற்றோடு போனபின், ஜுரேமாவை நம்பி ஊர் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். சுகாதார நிலையக் கூரையில் இருக்கும் சாட்டிலைட் தட்டின் இன்டர்நெட் வேகத்தைத் தினமும் காலை பத்து மணிக்குப் போனில் அளந்து, தட்டை மாட்டிய கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

அளப்பதற்குமுன் தேவாலய மணியை அடிப்பாள். அந்த ஒரே தட்டை நம்பியிருக்கும் ஊரின் நாற்பது போன்களும் அணைய வேண்டும். அணைக்காதவன் வாசலில் போய் நிற்பாள்.

"ஆளு வர்றப்போ வீட்டைக் கூட்டி வைக்க மாட்டியா? ஊர் மானத்தை வாங்குறியேடா!"

தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று வரும். இந்த ஆற்றங்கரையில் வேறு எந்த ஊருக்கும் இவ்வளவு வருவதில்லை என்று பீற்றிக்கொள்வாள்.

அவள் தம்பி லிந்தோமாருக்கு இடது காலில் சர்க்கரைப் புண். வியாழன் மாலைதோறும் மனாவுஸ் நகரத்து டாக்டர் திரையில் பார்ப்பார். அந்நேரம் ஊரே போனில் பந்தாட்டம் பார்க்கும். டாக்டர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவார். மூன்று வாரம் இதே கதி. புண் கறுத்தது.

நாலாவது வியாழன் ஜுரேமா மணியை அடித்தாள். ஒருவரும் அணைக்கவில்லை.

"காலையில ஊருக்காக அணைச்சோம். இது உன் தம்பிக்கு," என்றாள் பக்கத்து வீட்டு நசாரே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுகாதார நிலையத்துக்கென்று தனித்தட்டு கேட்டு ஜுரேமா மனுப் போட்டாள். கம்பெனி ஆள் வாக்னர் படகில் வந்து இறங்கினான்.

"வேகம் அறுபதுக்குக் கீழ இருந்தாத்தான் தனித்தட்டு, அம்மா. நீங்க அனுப்பினதுல ஒருநாள்கூடத் தொண்ணூறுக்குக் குறையலையே."

"அது எல்லாப் போனையும் அணைச்சிட்டு அளந்ததுய்யா."

"யாரு அணைக்கச் சொன்னா?"

"உங்களுக்கு மரியாதை பண்ணோம்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "இனிமே அணைக்காம அளங்க. ஆறு மாசம் பார்த்துட்டுச் சொல்றோம்."

"ஆறு மாசம் கால் காத்திருக்குமா? உன் காலா இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

அவன் படகைப் பார்த்து நடந்தான். அடுத்த வியாழனும் டாக்டரால் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது; நேரில் கூட்டி வரச் சொன்னார். புண் கறுத்ததைக் கேட்டு, வந்தால் காலை எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார்.

மனாவுஸுக்கு மூன்று நாள் பயணம். படகு கிளம்புமுன் ஜுரேமா லிந்தோமாரின் மூட்டையைப் பிரித்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"செருப்பு ரெண்டையும் எதுக்குக்கா வச்சே?"

அவள் மூட்டையைத் திரும்பக் கட்டப் போனாள். அவன் இடது செருப்பை எடுத்துக் கரையில் எறிந்தான்.