நான் வேண்டாமென்ற நீல வண்டி

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. அம்பத்தூர் பக்கம் ஒரு கார் ஷோரூம். நான் பட்டுப்புடவையும் என் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியுமாகப் போய் இறங்கினோம். நாங்கள் புக் செய்த கார் வந்துவிட்டது, ரிஜிஸ்டர் பண்ணுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். வெறும் கையெழுத்துக்கும் நல்ல நேரம் பார்த்துவிட்டார் வீட்டுக்காரர். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று வழியெல்லாம் அதே பேச்சு.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சின்னக் கார்தான், ஆனால் பாய்கிற ரகம். நீல உடம்பு, கறுப்புக் கூரை, பின்னால் இரட்டைச் சைலன்ஸர். எனக்கு வயது நாற்பத்தேழு. நாற்பத்தைந்தில்தான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். வெள்ளைக் கலர் எடு, ஆட்டோமேட்டிக் எடு, குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி எடு என்று உபதேசம் செய்யாத ஆளே இல்லை. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பால் பாக்கெட் போடுகிறவர்கூட ஒரு யோசனை வைத்திருந்தார். நான் காதில் வாங்கவில்லை. டெஸ்ட் டிரைவில் இரண்டாம் கியரில் மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டதே, அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். வெள்ளைக் கார் பிடித்தவர்கள் தாராளமாக வெள்ளைக் கார் வாங்கிக்கொள்ளட்டும்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். தகடு பெயிண்ட் அடித்து என் மேஜைக்கு வரும். விரலால் தடவிப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்பு டேக் கட்டிவிடுவேன். கட்டினால் கட்டியதுதான், சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் அவிழ்க்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ராட்சசி’ என்று பெயர் இருப்பதும் தெரியும்.

ஷோரூமில் வீட்டுக்காரர் காரின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தார். போட்டோ எடுத்து உடனே ஸ்டேட்டஸிலும் போட்டார். நான் காரைச் சுற்றி வந்தேன். பழக்க தோஷம், கை தானாகத் தகட்டின் மேல் ஓடியது. இடது முன்சக்கரத்துக்கு மேலே வந்ததும் விரல் நின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்க, அங்கே மட்டும் லேசான சொரசொரப்பு. பானட்டைத் திறக்கச் சொன்னேன். அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டின் தலையிலும் பெயிண்ட் உதிர்ந்து இரும்பு தெரிந்தது. ஃபேக்டரியில் போல்ட்டோடு சேர்த்துத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். ஸ்பேனர் படாமல் அது அப்படி உதிராது. வருகிற வழியில் எங்கேயோ இடிபட்டு, கழற்றித் தட்டி, மறுபடி பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. மணி பத்து இருபது. மேனேஜர் பேனாவை நீட்டுகிறார். வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பு. இதைக் கிளறினால் எல்லாம் கெட்டுவிடுமே என்று பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் சுருக்கென்றது. இதே தகடு என் மேஜைக்கு வந்திருந்தால் ஒரு நொடியில் டேக் கட்டியிருப்பேனே, கம்பெனிக்காரன் பொருளுக்கு இருக்கிற ரோஷம் என் பொருளுக்கு இல்லாமல் போய்விட்டதே என்று என்மேலேயே கோபம் வந்தது. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன்.

“இந்த வண்டி வேணாம் சார்.”

“மேடம், லாரியில வரும்போது லேசா உரசியிருக்கும். டச்-அப் பண்ணிட்டோம். யாருக்கும் தெரியவே தெரியாது.”

“எனக்குத் தெரியுதே.”

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “இன்னாம்மே இது? நல்ல நேரம் போவுது. ஒரு பொட்டு பெயிண்டுக்குப் போய் இப்டி அடம் புடிக்கிற.”

“நீ சும்மா இருய்யா,” என்றேன். சீட் கவர் இலவசம், மிதியடி இலவசம் என்று மேனேஜர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. அதே நிறத்தில் வேறு வண்டி வரவழைத்துத் தருகிறேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். வண்டியின் சேசிஸ் நம்பரில் கடைசி ஐந்து எண்களை என் போனில் குறித்துக்கொண்டேன். அதே வண்டியைக் கழுவித் துடைத்து என் தலையிலேயே கட்டிவிடக் கூடாது பாருங்கள்.

தெருவில் அன்று சாயங்காலமே விசாரணை ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் வாசலிலேயே மடக்கினாள். “இன்னாக்கா, ஸ்டேட்டஸ்ல வண்டியப் பாத்தேன். எங்க கீது?”

வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. எங்களுக்கு லோன் கிடைக்கவில்லை என்று தெருக்கோடி வரை செய்தி போய்விட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாவது வண்டி வந்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி கோட்டோடேயே போனேன். வீட்டுக்காரரும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம் தடவிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மனசு நிறைந்துபோனது. கையெழுத்துப் போடப் போகும்போதுதான் அடுத்த வரிசையைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு நீல வண்டி. அதன் பக்கத்தில் ஓர் இளம் ஜோடி. அந்தப் பெண் காரின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போய்ச் சேசிஸ் நம்பரைப் பார்த்தேன். அதே ஐந்து எண்கள்.

எங்கள் கம்பெனியில் டேக் கட்டிய தகடு பழைய இரும்பாக உடைக்கப் போய்விடும். இன்னொருத்தர் கைக்குப் போகவே போகாது. இங்கே நான் தள்ளிவிட்ட வண்டி அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்திருக்கிறது.

மேனேஜர் என் பார்வையைப் புரிந்துகொண்டு அவசரமாக வந்தார். குரலைத் தாழ்த்தி, “நீங்க கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க மேடம். இன்னொரு கஸ்டமர் விஷயத்துல தலையிட்டா உங்க வண்டியும் கிடையாது,” என்றார்.

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. “நமக்கு எதுக்கும்மே? வா, போட்டுட்டுப் போலாம்.”

ஆசைப்பட்ட வண்டி பத்தடியில் நிற்கிறது. ஒரு கையெழுத்துப் போட்டால் என்னுடையது. என் கால் ஒரு நிமிஷம் தயங்கியது நிஜம்தான். அப்புறம் நேராக அந்தப் பையனிடம் போனேன்.

“தம்பி, பானட்டைத் திறந்து இந்தப் பக்கம் ரெண்டு போல்ட்டைப் பாருங்க. பன்னெண்டு நாளைக்கு முன்னாடி நான் வேணாம்னு சொன்ன வண்டி இது.”

அவனுக்கு என்மேல்தான் கோபம் வந்தது. “யாருக்கா நீங்க? வேற ஷோரூம் ஆளா?”

அதற்குள் அந்தப் பெண் குனிந்து, நான் காட்டிய இடத்தைத் தானே தடவிப் பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. “ஏங்க, இங்க மட்டும் சொரசொரன்னு கீதுங்க,” என்றாள். அவன் பானட்டைத் திறந்தான். பார்த்தான். அப்புறம் அவன் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்தவர்களெல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள்.

மேனேஜர் சொன்னபடியே செய்தார். என் வண்டியைத் தர முடியாது, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். “வண்டிய நீங்களே வெச்சிக்கோங்க சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதேன். ஆனால் திரும்பிப் போய்க் கெஞ்ச வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

பூந்தமல்லி பக்கம் வேறொரு ஷோரூமில் புக் செய்து, தை மாதம்தான் கார் கைக்கு வந்தது. அங்கேயும் ஒரு மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் கேட்கிறார்கள், வண்டி எப்படி என்று. உள்ளதைச் சொல்கிறேன். சஸ்பென்ஷன் கட்டை மாதிரி இருக்கிறது, கள்ளிக்குப்பம் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் இடுப்புக்குத் தெரிகிறது. ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுமோ என்று உயிர் போய் வருகிறது. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் சண்டை வரும். ஆனால் நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, மூன்றாம் கியரில் மிதித்துப் பாருங்கள்! ஸ்டியரிங் நினைத்த இடத்துக்குத் திரும்புகிறது, எஞ்சின் உறுமுகிற உறுமலில் நெஞ்சு விரிகிறது. முதல் நாள் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்த வீட்டுக்காரர் பாதி வழியில், “இன்னும் கொஞ்சம் மிதிம்மே,” என்றார்.

ஒரு பொட்டு பெயிண்டுக்காக ஐந்து மாசம் பஸ்ஸில் தொங்கினவள் என்று தெருவில் இன்றும் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது, எனக்கு வேண்டாமென்று தள்ளியதை இன்னொரு பெண் தலையில் கட்ட விட்டுவிட்டு வந்தோமே என்ற உறுத்தல் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.