படத்தில் ஒன்றுமில்லை

சாய்ந்தமருதில் ஒரு நெல் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் கலந்தர். எங்கள் பக்கத்து வீட்டு மருமகன். மாமியார் வீட்டோடு இருக்கிற ஆம்பிளை உழைப்பில் சுணங்கினால் ஊரில் என்னென்ன பேச்சு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கலந்தருக்கு அப்படி ஒரு பேச்சும் வரவில்லை. அதில் அவருக்குப் பெருமை, கொஞ்சம் அதிகமாகவே.

எண்பத்திரண்டாம் ஆண்டு பெரும்போக அறுவடை நேரம், லொறியிலிருந்து மூட்டையை இறக்கும்போது இடுப்பில் சடக்கென்றது. மறுநாள் விடிய வலி இரண்டு காலிலும் இறங்கியிருந்தது. சலம் கழிக்கப் போனவர் நெடுநேரம் குந்தியிருந்தும் அது இறங்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் சாரன் நனைந்திருந்தது. நனைந்ததே அவருக்குத் தெரியவில்லை, உட்காரும் இடமெல்லாம் மரத்துக் கிடந்தது. இதை அவர் மனைவி றாஹிலாவிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் றாஹிலாவின் மூத்த சகோதரர் ஸலாஹுதீன் காக்கா அவரைக் காரைதீவில் குணம் டொக்டரிடம் கூட்டிப்போனார். ஸலாஹுதீன் கொஞ்சக் காலம் மருந்துக் கடையில் நின்றவர், அதனால் தன்னைப் பாதி டொக்டர் என்றே நினைத்திருந்தார்.

"படம் பிடிச்சுப் பாக்கணும் டொக்டர்" என்று நோயாளிக்கு முன்பே வாயைத் திறந்தார்.

"எல்லா இடுப்பு வலிக்கும் படம் தேவையில்ல தம்பி. நடமாடித் திரிஞ்சாலே முக்கால்வாசி சரியாப் போகும்."

டொக்டர் கலந்தரின் காலைத் தூக்கிப் பார்த்தார், விரல்களை அழுத்திப் பார்த்தார். பலம் இருந்தது. பிறகு கேட்டார்: "சலம் போறதில ஏதும் கரைச்சல் இருக்கா? இருக்கிற இடம் மரத்த மாதிரி? இருந்தா மறைக்காமச் சொல்லுங்க. அப்பிடியெண்டா இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

மச்சான் பக்கத்திலேயே நின்றார்.

"ஒண்டுமில்ல டொக்டர்" என்றார் கலந்தர்.

வலி மாத்திரையோடு திரும்பினார்கள். ஸலாஹுதீனுக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் வேறோர் இடத்தில் எக்ஸ்ரே எடுப்பித்தார். எலும்பு ஒழுங்காக இருந்தது. அந்தப் படத்தில் எலும்புதான் தெரியும், நரம்பு நசிந்தது தெரியாது. பாதி டொக்டருக்கு இதை யார் சொல்வது? ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து வீட்டுக்கெல்லாம் காட்டினார்.

"படத்தில ஒண்டுமில்ல. மச்சானுக்கு வேலைக் கள்ளம்."

கலந்தர் பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்தினார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி எடுத்த வுழு, சலம் கசிந்து எப்போது முறிகிறதென்றே தெரியாதவர் எந்த முகத்தோடு தொழ நிற்பார்? அப்படிப்பட்ட நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. வாய் திறந்து கேட்டிருந்தால் மௌலவி ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்தப் பாழாய்ப்போன வெட்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன பிறகும் அவர் பாயிலேயே கிடந்தார். றாஹிலா அழுதுவிட்டாள்.

"அல்லாஹ்வுக்கும் பயமில்லாமப் போச்சா உங்களுக்கு?"

"வுழு நிக்குதில்ல புள்ள. எனக்குத் தெரியாமலே போகுது. எழும்பினா காலும் மடங்குது."

அவள் யாரையும் கேட்கவில்லை. அன்றே கார் பிடித்தாள். குணம் டொக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு கொழும்புக்குத் துண்டு எழுதினார். அங்கே முள்ளந்தண்டுக்குள் மருந்து ஏற்றிப் படம் பிடித்தார்கள். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நசித்துக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள். வலி போய்விட்டது. ஆனால் கால் திரும்பவில்லை, மற்றதும் திரும்பவில்லை. முதல்நாளே வந்திருந்தால் அநேகமாக நடந்திருப்பார் என்று அங்கே சொன்னார்களாம்.

கலந்தர் இப்போது முன்னறைக் கட்டிலில் கிடக்கிறார். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம், மெதுவாகக் கதைக்கத் தெரியாது. காலையில் குசினி அடுப்படியிலிருந்தே அவர் கேட்பது எங்கள் வீடுவரை வரும்.

"மருமகன், சலம் போச்சா?"

"ஓம் மாமி" என்பார் கலந்தர், அதே அளவு சத்தமாக.