சிவப்பு நூல் கோத்த ஊசி

புது மல்லுத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறினால் இன்றும் ஒரு நொடி பயந்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். ஐம்பதைத் தாண்டியும் நாள் தவறாமல் எதையாவது தைத்துக்கொண்டிருக்கிறவள் நான். குட்டிச் சட்டை, தலையணை உறை, பழைய சேலையில் கால்மிதி என்று வீடு நிறையக் குவித்து வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குத் துணி வாடையில் என்ன பயம் என்று கேட்பீர்கள். பயம்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது, பாளையங்கோட்டையில் ஒரு கோடை முழுக்க அம்மா 'பூவேலை' செய்தாள். சாத்தான்குளத்தில் வாக்கப்படப்போகும் சித்திக்குத் தலையணை உறைகள். மரவளையத்தில் புது மல்லுத் துணியை இறுக்கி அவள் சிவப்பு நூலில் ரோசாப்பூ போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து காம்புக்குப் பச்சை நூல் ஓட்டுவேன். தம்பி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். தரையில் எது கிடந்தாலும் நேரே வாய்க்குத்தான் போகும். "ஊசி தரையில படவே கூடாதுட்டி" என்பது அம்மாவின் சட்டம்.

ஒரு பிற்பகல், அடுப்பில் பால் பொங்குகிற வாடை வர, அவள் அவசரமாக எழுந்து ஓடினாள். திரும்பி வந்து வளையத்தை எடுத்தபோது ஊசியைக் காணோம். தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான். விரலை விட்டுத் துழாவினால், வாய்க்குள் சிவப்பு நூல் துணுக்கு.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அங்கனயே நில்லு, கால எடுக்காத" என்று என்னை நிறுத்திவிட்டுப் பாயை உதறினாள். உள்ளங்கையால் தரையைத் தடவித் தடவித் தேடினாள். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை, ஆறுதல் சொல்வதாக நினைத்து, "ஊசி உள்ள போயிட்டுன்னா நிக்காதும்மா, ரத்தத்தோட ஓடி நெஞ்சுலல்லா போயிக் குத்தும்" என்றாள். நல்ல ஆறுதல்! தம்பி செத்துப்போவான் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவன் வீறிட்டு அழுதான்.

"பிள்ள ஏன் இப்படிக் கத்துதான்? ஏசுவே, உள்ள குத்துதோ!" என்று பதறி, அம்மா அவனை வாரி நெஞ்சோடு அணைக்கப் போனாள். சேலை விலகியது. ரவிக்கையில், இடது மார்புக்கு மேலே, சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவே எழுந்தால் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு போவது எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். பால் பொங்கிய பதற்றத்தில் அவளே அதை மறந்திருக்கிறாள். ஊசிமுனைக்கும் தம்பியின் கண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்கூட இல்லை. பாய்ந்துபோய்க் கையை இடையில் கொடுத்தேன். ஊசி என் உள்ளங்கையில் இறங்கியது.

அம்மா அதைப் பிடுங்கி எடுத்தாள். என் கையையும் பார்த்தாள், தம்பியின் முகத்தையும் பார்த்தாள். "நானே குத்தியிருப்பேனே, நானே குத்தியிருப்பேனே" என்று அழுதாள். அன்று பொழுது சாயும்வரை பிள்ளையைத் தூக்கவே பயந்தாள். அத்தைதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்த வீடு இல்லை. சித்தியின் தலையணை உறைகளும் எப்போதோ நைந்து போயின. நான் ஊசியை டப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் எழுகிறேன். போன வருடம்வரை அம்மா இருந்தாள். கடைசியில் எங்கள் பெயர்கள்கூட அவளுக்கு மறந்துபோயின, தம்பியைப் பார்த்து "யாருய்யா நீ?" என்பாள். ஆனாலும் நரைத்த தலையோடு அவன் கட்டிலருகே குனியும்போதெல்லாம், அவள் கை முதலில் தன் நெஞ்சைத் தடவிப் பார்க்கும். பிறகுதான் அவனைத் தொடும்.